பூட்டி வைத்த கொப்பி

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று எம்மூரில் சொல்வார்கள். ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் நால்வருக்கும் இந்தப் பழமொழி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நாங்கள் ஆட வந்தவர்கள் அல்லர். எழுதப் போகின்றோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்.

1990களின் தொடக்கத்தில், பார்லிமென்ற் வீதியும் வெலஸ்லி வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சென் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடி ஒன்றில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நால்வரும் இருந்தோம். இருவர் இரவில் றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினோம். மற்ற இருவர் பகலில் தொழிற்சாலைக்குப் போனோம். மெத்தைச் சூடு ஆறுமுன் அடுத்தவர் வந்து படுத்துவிடுவார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நால்வரும் ஒன்றாய்ச் சமைத்துச் சாப்பிடும்போது பேச்செல்லாம் எழுத்தைப் பற்றியே இருக்கும். ஒருவர் நாவல் எழுதுவதாக இருந்தார். இன்னொருவருக்குச் சிறுகதை. எல்லோரும் சேர்ந்து ஒரு சஞ்சிகை. பெயர் கூட வைத்துவிட்டோம்!

முதலில் பிடித்தது கொப்பி மோகம். ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது ஒற்றைறூள் கொப்பி வாங்கிப் பழைய பத்திரிகையால் உறை போட்டுப் பெயர் எழுதிய கைகள் அல்லவா? இங்கே கடைகளில் தோல் மட்டை போட்ட கொப்பி, நாடா வைத்த கொப்பி, பொன் விளிம்புக் கொப்பி என்று வரிசையாய்க் கண்டதும் மனம் தாங்கவில்லை. முதல் ஓவர்ரைம் காசில் எங்கள் நாவலாசிரியர் கறுப்புத் தோல் மட்டைக் கொப்பி ஒன்றும் மைப்பேனா ஒன்றும் வாங்கி வந்தார். முதற் பக்கத்தில் பெயர், திகதி, ‘முதலாம் அத்தியாயம்’ என்று முத்து முத்தாய் எழுதினார். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. “இவ்வளவு வடிவான கொப்பியிலை கண்டதையும் எழுதலாமே மச்சான்? நல்ல வசனம் ஒன்று வரட்டும்” என்றார். நாங்களும் அது சரிதான் என்று தலையாட்டினோம். கொப்பி சூட்கேசுக்குள் போயிற்று.

அடுத்தது கணனி. பழைய கணனி ஒன்றை நால்வரும் காசு போட்டு வாங்கினோம். தமிழில் எழுத எழுத்துரு வேண்டுமே! எம்மவர் மத்தியில் அப்போது பாமினி பரவியிருந்தது. மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு, சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று வேறும் இருந்தன. எது நல்லது என்று ஒரு குளிர்காலம் முழுவதும் விவாதித்தோம். விசைப்பலகையில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அந்த அட்டைதான் அந்த ஆண்டு நாங்கள் எழுதி முடித்த ஒரே படைப்பு. ஒருவர் மட்டும் அரைச் சிறுகதை அடித்து நண்பர் ஒருவருக்கு டிஸ்கில் கொடுத்தார். அந்தக் கணனியில் எழுத்துரு இல்லாததால் கதை முழுவதும் ஒழுங்கில்லாத ஆங்கில எழுத்துக்களாய்த் தெரிந்ததாம். “உங்கடை நடை புதுமாதிரியாய் இருக்கு” என்றார் நண்பர்.

2000ஆம் ஆண்டையொட்டி யூனிக்கோட் பரவத் தொடங்கியது. எந்தக் கணனியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் காலம் வந்தது. பிறகு கைத்தொலைபேசியிலும் தமிழ் வந்தது. இன்று வாயால் சொன்னாலே அது எழுதித் தருகின்றது. அத்தியாயங்களை நிறம் நிறமாய் அடுக்கி வைக்கும் செயலிகளும் வந்துவிட்டன. எங்கள் நாவலாசிரியர் ஒன்றையும் விடவில்லை. தன் அப்பாவைப் பற்றிய நாவலுக்கு முப்பத்தாறு அத்தியாயத் தலைப்புகளை நீலம், பச்சை, மஞ்சள் என்று அடுக்கி எங்களுக்குக் காட்டினார். தலைப்புகளின் கீழ் வெறுமையாக இருந்தது.

இதற்குள் நாங்கள் கல்யாணம் கட்டினோம், பிள்ளைகள் பிறந்தன, ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வீடு மாறினோம். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் 1990இல் இதே ரொறன்ரோவில் தொடங்கிய ‘காலம்’ சஞ்சிகை எங்கள் கண் முன்னாலேயே இதழ் இதழாய் வந்துகொண்டிருந்தது. அதில் எழுதிய பலரும் எம்மைப் போல வேலைக்குப் போய் வந்தவர்கள்தாம்.

வள்ளுவர் இதையெல்லாம் அறிந்தவர். மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்து, கெட்டுப்போக விரும்புகிறவர் ஆசையாய் ஏறும் மரக்கலங்கள் நான்கு என்கிறார். மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றுக்கு முன்னதாக அவர் சொல்வது காலம் நீட்டிப்பதை. எங்கள் நால்வருக்கும் அந்தக் கலத்தில் நிரந்தர இருக்கை இருந்தது.

இனிச் சிரிப்பதற்கில்லாத பகுதிக்கு வருகின்றோம்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபின், 2003இல் எங்கள் நாவலாசிரியர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குப் போனார். அப்பாவின் கதைகளைப் பதிவு செய்ய என்று புத்தம் புதிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். முதல் நாள் பின்னேரம் விறாந்தையில் இருந்து அதன் விளக்கப் புத்தகத்தைப் படித்தார். அப்பா எதிரே சாய்மனைக் கதிரையில் பார்த்துக்கொண்டு இருந்தாராம். இருட்டியதும், “நாளைக்கு ஆறுதலாய் இருந்து கதைப்பம் அப்பா” என்றார் மகன். “ஓமோம், நீர் களைச்சுப் போனீர், படும்” என்றார் அப்பா. மறுநாள் சொந்தக்காரர் வந்தார்கள். அதற்கு மறுநாள் கோயில். இரண்டு கிழமை அப்படியே போயிற்று. கருவி பெட்டியோடு திரும்பி வந்தது.

2006இல் பாதை மீண்டும் பூட்டப்பட்டது. 2007இல் அப்பா காலமானார். மகனால் போக முடியவில்லை.

எங்கள் நால்வரில் இன்னொருவருடைய அம்மா 1998இல் ஸ்பொன்சரில் இங்கே வந்திருந்தார். இருவரும் ஒரே ஊர். அம்மா கொண்டுவந்த சூட்கேசில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, அவற்றோடு பிளாஸ்ரிக் பையில் சுற்றிய எண்பது பக்கக் கொப்பி ஒன்று. கேட்டதற்கு, “அது வீட்டுக் கணக்கு” என்றார். நாங்கள் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒருநாள் நாவலாசிரியரின் கறுப்புக் கொப்பியைக் கண்டு, “ஏன் தம்பி உதைப் பூட்டி வைச்சிருக்கிறீர்? நகையே?” என்று மட்டும் கேட்டார்.

2011இல் அம்மா போய்ச் சேர்ந்தார். முப்பத்தொன்று முடிந்த அன்று அந்தக் கணக்குக் கொப்பியை முதன்முதலாய் விரித்தோம். அது 1990இல் தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை இருந்த காலம். ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்துத் துளித் துளியாய் மண்ணெண்ணெய் எரித்த காலம். பத்திரிகைத் தாள் கிடையாமல் கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சிட்ட காலம். அம்மா வாங்கிய சவர்க்காரமும் கடன் கொடுத்த அரிசியும் அதில் இருந்தன. அவற்றுக்கு நடுவே, எந்த வீட்டில் யார் வந்து தங்கினார்கள், எந்த இரவு ஷெல் விழுந்தது, யார் திரும்பி வரவில்லை என்பவையும் ஓரிரு வரிகளாய் இருந்தன.

1995 ஒக்ரோபர் 30, திங்கட்கிழமைக்கு அம்மா எழுதியது இவ்வளவுதான்: ‘மழை. நாவற்குழிப் பாலத்தில் நகர இடமில்லை. மாஸ்ரர் தன்ரை சைக்கிளைத் தந்தார். ஆச்சியை இருத்தித் தள்ளினோம். மாஸ்ரர் நடந்து வந்தார். சைக்கிள் திருப்பிக் குடுக்கவேணும்.’ ஒன்பது பக்கம் தள்ளி, சாவகச்சேரியில் வாங்கிய தேங்காய்க்குக் கீழே இன்னொரு வரி: ‘மாஸ்ரரின் சைக்கிள் குடுத்தாச்சு. ரியூப் புதுசு போட்டது.’

அந்த மாஸ்ரர் எங்கள் நாவலாசிரியரின் அப்பா. வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவில் அப்பா எப்படி வந்தார் என்பது மகனுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. மகன் கேட்கவில்லை. கேட்கப் போன இடத்தில் கருவியின் விளக்கப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, “எனக்கு முப்பத்தாறு அத்தியாயம் இருக்கு. இந்தச் சைக்கிள் அதிலை இல்லை” என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, இருபத்தைந்து ஆண்டு, நாட்குறிப்பு எழுதினார். வணிகர், பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாஷி. கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரோடு சண்டை பிடித்தார் என்று எழுதி வைத்தார். இன்று சரித்திரம் படிப்பவர்கள் அதைத் தேடிப் படிக்கின்றார்கள். எங்கள் அம்மாவும் அந்த இனம்தான். தன்னை எழுத்தாளர் என்று அவர் நினைத்ததே இல்லை. அதனால் நல்ல வசனத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை.

‘இனிக் காலம் கடந்துவிட்டது’ என்பதும் ஒத்திப்போடுதலின் இன்னொரு முகம்தான். எமது நகரில் வாழும் அ. முத்துலிங்கத்தின் முதற் சிறுகதைத் தொகுதி ‘அக்கா’ வெளிவந்தது 1964இல். அடுத்த தொகுதி ‘திகடசக்கரம்’ 1995இல். இடையில் முப்பத்தோராண்டு! கணக்காளராக நாடு நாடாக வேலை பார்த்துவிட்டு, ஏறக்குறைய அறுபது வயதில் திரும்பி வந்து, பிறகு புத்தகம் புத்தகமாய் எழுதினார். கொப்பியை எந்த வயதிலும் திறக்கலாம். ஆனால் நாம் கேட்க நினைக்கும் ஆட்கள் அதுவரை இருக்கமாட்டார்கள்.

அந்த முப்பத்தொன்றுக்குப் பிறகு நாங்கள் செய்யும் காரியம் மிகச் சிறியது. ஞாயிறு பின்னேரம் ஸ்காபரோவில் ஒரு பொது நூலகத்தில் கூடுகின்றோம். ஆளுக்கொரு மலிவுக் கொப்பி. ஓகஸ்ற் கடைசியில் பள்ளிக்கூடச் சாமான்கள் மலிவு விலைக்கு வரும்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுவோம். பழுதாக்கப் பயமில்லாத கொப்பி என்பதுதான் அதன் பெருமை. 1980களின் கடைசியில் இத்தாலிய மாணவர் பிரான்சிஸ்கோ சிரிலோ, தக்காளி வடிவ அடுக்களை மணிக்கூட்டைத் திருகி வைத்து, அது அடிக்கும் வரை இருபத்தைந்து நிமிடம் படிப்பது, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வது என்று ஒரு முறை கண்டுபிடித்தார். நாங்களும் மணிக்கூட்டை முறுக்கி வைக்கின்றோம். கைத்தொலைபேசிகள் பைக்குள். மணி அடிக்கும் வரை வெட்டல் திருத்தல் இல்லை. எழுத ஒன்றும் வராவிட்டால் திகதி, ஊர், ஓர் ஆளின் பெயர் என்ற மூன்றையும் எழுதுவோம். பெரும்பாலும் நாலாவது வரி தானாக வரும்.

கணனியை நாங்கள் கைவிடவில்லை. அதை இரண்டாம் இடத்தில் வைத்தோம். எழுதி முடித்ததை யூனிக்கோடில் அடித்து இரண்டு இடங்களில் சேமிக்கின்றோம். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஒரே ஒரு பிரதியாய் இருந்தவை போனவைதாம் அல்லவா? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எம்மவரின் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கின்றது. இப்படிப்பட்ட வேலைக்குக் கணனியைப் போல் உதவி வேறில்லை. எழுதப்பட்டதை அது காக்கும். எழுதப்படாததை அதனால் காக்க முடியாது.

புதிதாய் வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இப்போது வேலை, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஆயிரம் கவலை. நாவல் எழுதச் சொல்லவில்லை. வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் இந்த ஞாயிறு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அன்று யார் உங்களுக்குச் சைக்கிள் தந்தது என்பது போன்ற கேள்வி. பிள்ளைக்குத் தமிழ் எழுத வராவிட்டால் அது கேட்கட்டும், நீங்கள் எழுதுங்கள். பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியில் மிஞ்சிய நாலு தாள் போதும்.

எங்கள் நாவலாசிரியர் இன்னும் நாவல் முடிக்கவில்லை. ஆனால் கறுப்புத் தோல் மட்டைக் கொப்பியைச் சூட்கேசிலிருந்து எடுத்துவிட்டார். ‘முதலாம் அத்தியாயம்’ என்பதன் கீழே அம்மாவின் வரிகளை அப்படியே பார்த்து எழுதியிருக்கின்றார். மைப்பேனா காய்ந்துபோயிற்று. நூலக மேசையில் கிடந்த பென்சிலால்தான் எழுதினார்.