தொண்ணூறு பைசாத் தராசு

புதுவைப் பெரிய மார்க்கெட்டிலே ஐம்பது கிராம் குறைத்து நிறுத்துவது எளிதன்று. கத்தரிக்காய் வாங்க வரும் மூதாட்டி, தராசுத் தட்டின் அடியிலே புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அத்தகைய விழிப்பு நிறைந்த இடத்திலே, ஐ.பி.எல். ஆட்ட மாலைகளில், எவரும் எடை பார்க்காத சரக்கொன்று விலையாகிறது. சரக்கின் பெயர் பந்தயம். விலை, ‘ஒண்ணுக்குத் தொண்ணூறு!’

பொருள் யாது? இரு அணியும் சம வலிமை. எதன்மீது 100 ரூபாய் கட்டினாலும், வென்றால் கட்டிய நூறும் மேலே 90-ம் கிடைக்கும். தோற்றால் நூறும் போகும். ஒருவர் சென்னைமீது நூறு கட்டுகிறார், மற்றவர் மும்பைமீது நூறு. வசூல் 200, வென்றவருக்குச் சேர்வது 190. எஞ்சிய பத்து, பந்தும் வீசாத, மட்டையும் பிடிக்காத புக்கியின் பைக்குப் போகிறது. வெற்றி எவருக்கோ, வருவாய் அவனுக்கே! ஒரு பக்கம் பணம் குவிந்தால், மறுபக்கத்து விலையை உயர்த்தி ஆள் இழுப்பான். விலை ஆரூடமன்று, தோழர்களே. அவன் பெட்டி காலியாகாதிருக்கச் செய்யப்படும் ஏற்பாடு.

குதிரைப் பந்தயத்திலும் இதே கதைதான். ‘ஒன்றுக்கு இரண்டு’ என்றால், அக்குதிரை மூன்றில் ஒரு முறை வெல்லும் என்ற மதிப்பீடு. நான்கு குதிரைகளில் இரண்டுக்கு அவ்விலை, ஒன்றுக்கு ‘ஒன்றுக்கு மூன்று’, இன்னொன்றுக்கு ‘ஒன்றுக்கு நான்கு’ என வைப்போம். நூற்றுக்கு 33.3, 33.3, 25, 20. கூட்டுங்கள்: 111-க்கும் மேல்! நூறைத் தாண்டி நிற்கும் அந்தப் பதினொன்றே தராசின் அடியில் ஒட்டிய புளி.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் நமது. அந்தப் பிரெஞ்சு நாட்டுப் பாரிசிலேதான் 1867-இல் ஜோசப் ஓலர் ‘பரி முத்துயெல்’ என்ற முறையை வகுத்தார். (பரி என்றால் நமக்குக் குதிரை, பிரெஞ்சிலே பந்தயம்!) கட்டிய பணம் முழுவதையும் ஒன்றாய்த் திரட்டி, முதலில் நடத்துவோர் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை வென்றோருக்குப் பிரிப்பது அம்முறை. கிண்டியிலே ‘டோட்’ என்றது அதைத்தான். எடுப்பதைச் சொல்லியாவது எடுத்தனர்!

மூன்று ஆட்டங்களைக் கோத்துக் கட்டுவதே பெருங்கொள்ளை. மூன்றும் பலித்தால் நூறு ரூபாய், தொண்ணூறு பைசா விலையில், 686 ஆகும். நேர்மையான கணக்கில் 800 ஆகவேண்டும். ஓராட்டத்தில் நூற்றுக்கு ஐந்தாயிருந்த தரகு பதினான்கைத் தாண்டுகிறது; கட்டுபவர் கண்ணுக்கோ 686 மட்டுமே தெரிகிறது.

மார்க்கெட்டிலே மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவரிடம் இதனை விளக்கினோம். “அதெல்லாம் சரி வாத்தியாரே, இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம் இல்ல” என்றார். கையில் வாங்கியது 8,500. நாளுக்கு 100 வீதம் நூறு நாள் தண்டல் கட்டவேண்டும். அந்தப் பணத்திலே பந்தயம்! பஞ்சாங்கம் பார்த்துப் பந்தயம் கட்டுவோருக்குப் பழங்கதை துணை நிற்கிறது. தம்பியரையும் தன்னையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்றவனுக்கு அக்கதை சூட்டிய பெயர் தருமன்! வள்ளுவரோ சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே யாத்தார்.

1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. திறமை உண்டு, மறுக்கவில்லை. குதிரைக்கு உண்டு, அதை ஓட்டுபவனுக்கு உண்டு. கட்டுபவன் திறமைசாலியாகவே இருப்பினும் தரகு தள்ளுபடி ஆகுமோ? 2025 ஆகஸ்டிலே இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வரவேற்போம். எனினும் மீன் அங்காடி மூலையிலே நடப்பதற்கு இணையம் தேவையில்லை. வாயும் காதும் போதும்.

வரலாறு நடத்துவது நம் பணி. ஆயினும் சென்ற வாரம் ஏழாம் வகுப்பிலே, கணக்காசிரியர் வராத பாடவேளையில், ‘ஒன்றுக்குத் தொண்ணூறு’ என்பதைக் கரும்பலகையில் எழுதி விடை கேட்டோம். முதலில் எழுந்தவள், மீன் விற்கும் தாயின் மகள். “ரெண்டு பேர்கிட்டயும் தரகு வாங்குறான், சார்” என்றாள். அடுத்து மூன்றாட்டக் கணக்கை எழுதினோம். மணி அடித்த பின்னும் நால்வர் பெருக்கிக்கொண்டிருந்தனர்.