ஜூலையில் வரும் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது மார்கழிப் பனியும், மாட்டுக் குடிலும், நள்ளிரவுத் திருப்பலியின் மணியோசையுமே. ஆயின், அமெரிக்க நாட்டின் மேற்கு மாநிலங்களில் ஒரு சாரார் இன்னொரு கிறிஸ்துமஸையும் கொண்டாடுகின்றனர். அது வருவது கொளுத்தும் கோடையில். அந்நாட்டின் சுதந்திர நாளாகிய ஜூலை 4ஆம் தேதியை ஒட்டிய சில நாட்களை அவர்கள் ‘கௌபாய்களின் கிறிஸ்துமஸ்’ என்றே அழைக்கின்றனர். குதிரையும் காளையும் கொண்டு நடத்தும் ‘ரோடியோ’ என்னும் வீரவிளையாட்டுப் போட்டிகள் அந்நாட்களில் ஊருக்கு ஊர் நடைபெறும். ஓராண்டு வருவாயில் பெரும்பங்கை அந்தச் சில நாட்களிலேயே ஈட்டிவிடலாம் என்பது போட்டியாளரின் நம்பிக்கை. பரிசுகள் குவியும் காலமாதலின் அதற்கு இப்பெயர் வாய்த்தது போலும்.

2022ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் அத்தகைய போட்டி நடக்கும் ஊர் ஒன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், வில்லாமெட் ஆற்றை ஒட்டிய வளமான சமவெளியில் அமைந்த தூய பவுல் என்னும் சிற்றூர் அது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 400 பேரே. சுற்றிலும் ஹாப்ஸ் கொடிகள் படர்ந்த வயல்களும், கொட்டை மரத் தோப்புகளும். அப்போஸ்தலரின் பெயரைத் தாங்கிய ஊர் என்பதனாலேயே நம் கால்கள் முதலில் கோவிலை நாடின.

அக்கோவிலின் வரலாறு சுவையானது. கம்பளித்தோல் வணிகத்தில் உழைத்து ஓய்ந்த பிரெஞ்சுக் கனடியர் பலர் இச்சமவெளியில் குடியேறினர். குருக்கள் எவரும் இல்லாத நிலையிலேயே 1836இல் மரக்கட்டைகளால் ஒரு கோவிலை எழுப்பிவிட்டுக் காத்திருந்தனர். அவர்களது வேண்டுகோளுக்கு இணங்கி 1838 மே மாதத்தில் கிழக்குக் கனடாவிலிருந்து புறப்பட்ட அருட்தந்தை பிளான்ஷே, படகிலும் குதிரையிலுமாக ஒரு கண்டத்தையே கடந்து, நவம்பரில் இப்பகுதியை அடைந்தார். 1839 ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, இங்கே முதல் திருப்பலியை நிறைவேற்றினார். இன்று நாம் காணும் செங்கல் கோவில் 1846இல் கட்டப்பெற்றது. 1993ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, பின்னர் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் பேராயராக உயர்ந்த அந்தப் பிளான்ஷே ஆண்டகையின் கல்லறையும் இவ்வூரிலேயே உள்ளது.

இந்த அமைதியான ஊரில்தான் 1936 முதல் ஆண்டுதோறும் ரோடியோ நடைபெற்று வருகிறது. திமிறும் குதிரையின்மீதோ காளையின்மீதோ ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு வினாடிகள் விழாமல் இருக்க வேண்டும். மதிப்பெண் நூற்றில் பாதி வீரனுக்கு, பாதி விலங்குக்கு! கன்றைச் சுருக்குக் கயிற்றால் பிடித்துக் கட்டுதல், மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றி வருதல் முதலியவை நேரத்தைக் கொண்டு முடிவு செய்யப்படும். பீப்பாய்ச் சுற்று மகளிர்க்கு உரியது. அதில் நொடியின் நூற்றில் சில பங்குகளே வெற்றியை நிர்ணயிக்கும். பீப்பாய் ஒன்று சாய்ந்தாலோ ஐந்து வினாடிகள் கூட்டப்படும்.

காண்போர்க்கு இது சில நொடிக் கேளிக்கை. ஆடுவோர்க்கோ முழுநேரப் பிழைப்பு. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம், எரிபொருள், உணவு அனைத்தும் அவரவர் கைப்பொறுப்பு. போட்டியில் முன்னணி இடங்களைப் பெற்றால் பணம், இல்லையேல் வெறுங்கை. ஆண்டு முழுவதும் ஈட்டிய பரிசுத் தொகையின்படி ஒவ்வொரு பிரிவிலும் முதல் 15 இடங்களில் நிற்போரே டிசம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறும் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறுவர். எனவேதான் ஜூலைத் தொடக்கம் அவர்களுக்கு அறுவடைக் காலமாகிறது. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் முதுமொழியன்றோ?

போட்டித் திடலின் பின்புறம், வாகனங்கள் நிறுத்தும் புல்வெளியில், ஒரு குடும்பத்தாருடன் உரையாடும் பேறு பெற்றோம். மனைவி பீப்பாய்ச் சுற்றில் பங்கேற்பவர். கணவர் வண்டியோட்டி, முன்னாளில் காளையேறி முழங்காலை முறித்துக்கொண்டவர். உடன் ஒன்பது வயது மகள், முதிய பாட்டனார். இவர்களோடு தோழி ஒருத்தியும் தன் குதிரையை அதே இழுவண்டியில் ஏற்றி, எரிபொருள் செலவைப் பங்கிட்டு வந்திருந்தாள். வண்டியின் முன்மூடியின்மேல் ஒரு நிலப்படம் விரிந்து கிடந்தது. அருகே சிறுமியின் கையில் கணக்கு நோட்டு.

அவர்களது திட்டத்தைக் கேட்டபோது வியந்து நின்றோம். ஜூலை 1 அன்று அருகிலுள்ள மொலாலா. 2 அன்று இவ்வூர். 3ஆம் தேதி இரவு மொன்டானா மாநிலத்தின் லிவிங்ஸ்டன். 4ஆம் தேதி பகலில் ரெட்லாட்ஜ். அன்று மாலையே வயோமிங் மாநிலத்தின் கோடி நகர். இங்கிருந்து லிவிங்ஸ்டனுக்கு 1,200 கி.மீ.க்கும் மேல். கிழக்கு நோக்கிச் செல்வதால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வேறு பறிபோகும். இடையில் குதிரைகளை இறக்கி நீர் காட்ட வேண்டும். வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்ட வேண்டும். மாநில எல்லைகளைக் கடக்கக் கால்நடை மருத்துவரின் நலச்சான்றும் கையில் இருக்க வேண்டும். ரெட்லாட்ஜிலிருந்து கோடிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. மட்டுமே என்பதனால்தான் அவ்விரண்டையும் ஒரே நாளில் வைத்திருந்தனர்.

“எந்த ஊரில் எந்த நாள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள இயலுமா?” என்று வினவினோம்.

கணவர் நகைத்தார். “விருப்பத்தைத் தெரிவிக்கலாம், ஐயா, குலுக்கல் முடிவு செய்யும்” என்றார்.

அவர் விளக்கிய முறை இது. முன்னாட்களில் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே சொல்லிப் பெயர் பதிய வேண்டியிருந்தது. 1976 முதல் அவர்களது தொழிற்சங்கம் ஒரு பொதுப் பதிவு நிலையத்தை ஏற்படுத்தியுள்ளது. குறித்த கெடுவுக்குள் பெயரைப் பதிந்து, எந்நாள் வசதி என்று விருப்ப வரிசையைக் கூறவேண்டும். ஒன்றாகப் பயணம் செய்வோர் ஒரே குழுவாகவும் பதியலாம். பின்பு கணினி குலுக்கிப் போட்டு நாளையும் முறையையும் ஒதுக்கும். மாலைக் காட்சியில் இடமில்லாதோர் காலையில், பெரும்பாலும் காலியான இருக்கைகளுக்கு முன்னால், ஆடிவிட்டுச் செல்வதும் உண்டு. ஒதுக்கிய நாள் ஒவ்வாவிடில் வேறொரு போட்டியாளருடன் மாற்றிக்கொள்ள முயலலாம். முறையாக அறிவிக்காமல் வராதிருந்தால் தண்டம் கட்ட நேரிடும். ஓராண்டில் எத்தனை போட்டிகளின் வருவாய் கணக்கில் சேரும் என்பதற்கும் வரம்பு இருப்பதால், கண்ட ஊரிலெல்லாம் பெயரைப் பதிந்துவிடுவதும் அறிவுடைமை ஆகாது. பரிசு எவ்வளவு, தொலைவு எவ்வளவு, தரை எத்தகையது, குதிரைக்கு ஓய்வு எங்கே என்றெல்லாம் எண்ணியே தேர வேண்டும்.

அவ்வாண்டு இன்னொரு சுமையும் சேர்ந்திருந்தது. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை, வரலாற்றில் முதன்முறையாக, காலனுக்கு 5 டாலரைக் கடந்திருந்தது. டீசலின் விலையோ அதனினும் மிகுதி. சிறுமியின் நோட்டில் ஒவ்வோர் ஊருக்கும் நேராக இரண்டு கட்டங்கள்: ஒன்றில் செலவு, மற்றொன்றில் வரவு. செலவுக் கட்டங்கள் ஐந்தும் நிரம்பியிருந்தன. வரவில் ஒன்று மட்டுமே. மொலாலாவில் கிடைத்த சிறு தொகை.

“இவர்களைப்போல் ஒன்றாகப் பயணம் செய்வோர் பிழைப்பில் மட்டுமன்றி உயிரிலும் பங்காளிகள்” என்றார் பாட்டனார். 1989ஆம் ஆண்டு செயென் நகரப் போட்டியில், காளையின் தாக்குதலால் உயிர்நீத்த இளம் வீரர் லேன் ஃபிராஸ்டை அவர் நினைவுகூர்ந்தார். அவருடன் ஊரூராகப் பயணம் செய்த நண்பர் கோடி லாம்பர்ட் அந்தத் துயரத்தோடு நின்றுவிடவில்லை. மார்பைக் காக்கும் கவச உடை ஒன்றை உருவாக்கினார். இன்று காளையேறும் வீரர் பலரும் அணிவது அவ்வகைக் கவசமே. ஒருவர் மறைவில் பிறந்த அன்பு எத்தனை இல்லங்களில் விளக்கு அணையாமல் காத்ததோ! “காளையைவிட உறக்கமே எனக்கு அச்சம், இரவில் ஓட்டுபவன் கண்ணயர்ந்தால் அவனுக்குக் கவசம் ஏது?” என்று முடித்தார் முதியவர்.

இந்த ஒற்றுமைக்கு வரலாறும் உண்டு. தாங்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் பரிசுத் தொகையில் சேர்க்கப்படாததையும், பரிசு குறைவாக இருந்ததையும் எதிர்த்து 1936இல் பாஸ்டன் நகரில் 61 வீரர்கள் ஆட மறுத்து வெளியேறினர். தாங்கள் ஆமைபோல் மெதுவாகச் செயல்பட்டாலும், முடிவில் கழுத்தை நீட்டத் துணிந்தவர்கள் என்ற கருத்தில் தம் சங்கத்திற்கு ‘ஆமைகள் சங்கம்’ என்றே பெயரிட்டனராம். இன்றைய தொழிற்சங்கத்தின் வித்து அதுவே.

மாலை வந்தது. திடல் நிரம்பியது. நம் சகோதரி குதிரையில் அம்பெனப் பாய்ந்து, பீப்பாய் ஒன்றும் சாயாமல் சுற்றி மீண்டார். எனினும், பரிசு பெறும் நேரத்திற்குள் அவர் வரவில்லை. அதுகூடப் பெரிதன்று. திடலை விட்டு வெளியே வந்த குதிரை முன்னங்காலைச் சற்றே தாங்கி நடந்தது. அவர் இறங்கி, மண்டியிட்டு, அக்காலைத் தடவிப் பார்த்தார்; அது சுட்டது.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. இன்னும் மூன்று ஊர்கள். கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பாது. வெல்லக்கூடிய பணமோ எட்டாமலே போகும். ஐஸ் கட்டி, ஓய்வு எடுத்து, இரவோடு இரவாக ஓட்டிச் சென்றால் நாளை மாலைக்குள் சரியாகிவிடாதா? கணவரின் முகத்தில் அக்கணக்கு ஓடுவதை நாம் கண்டோம். அதில் பேராசை இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. வீட்டுக் கடனும் மகளின் பள்ளிக்கூடமுமே அங்கு நிழலாடின.

“குதிரை ‘முடியாது’ என்று வாய்திறந்து சொல்லாது. அதன் சார்பில் நாம்தான் சொல்ல வேண்டும்” என்றார் பாட்டனார் மெதுவாக.

அப்பெண் எழுந்தார். “லிவிங்ஸ்டனை அடித்துவிடு, கண்ணே. மற்ற இரண்டையும்” என்று மகளிடம் கூறினார். சிறுமி தாயையும் தந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். தந்தை தலையசைத்தார். மூன்று கோடுகள் விழுந்தன.

அதன் பிறகு அவர்கள் செய்த முதல் செயல் நம்மை நெகிழச் செய்தது. தங்கள் இழப்பை எண்ணி அவர்கள் அங்கே அமர்ந்துவிடவில்லை. தோழியின் பயணம் தடைபடக் கூடாதே என்று கணவரும் மனைவியும் புல்வெளி முழுதும் வண்டி வண்டியாகச் சென்று கேட்டனர். மொன்டானா செல்லும் வேறொரு வண்டியில் ஒரு குதிரைக்கு இடம் கிடைத்தது. போட்டியில் எதிராளிகளாய் நிற்பவர்களே இரவில் ஒருவர் குதிரையை ஒருவர் ஏற்றிச் செல்கின்றனர்! தோழி கண்ணீருடன் விடைபெற்றாள். செலவில் தன் பங்கை அவள் நீட்டியபோது அவர்கள் பாதியை மட்டுமே பெற்றுக்கொண்டனர்.

மறுநாள் ஞாயிறு. 1846ஆம் ஆண்டின் அந்தச் செங்கல் கோவிலில் திருப்பலிக்கு நாம் சென்றபோது, பின்வரிசையில் அந்த நால்வரும் அமர்ந்திருந்தனர். தொப்பிகள் மடியில் இருந்தன. திட்டப்படி நடந்திருந்தால் அந்நேரம் அவர்கள் மலைகளுக்கிடையே எங்கோ விரைந்துகொண்டிருப்பார்கள். வெளியே வந்ததும் குதிரையின் நலம் விசாரித்தோம். மருத்துவர் பார்த்ததாகவும், தசைநாரில் வீக்கம் என்றும், சில வாரங்கள் ஓய்வு போதும் என்றும் சொன்னார்கள். “நேற்றிரவு ஓட்டியிருந்தால் ஒருவேளை எந்நாளும் ஓடாமலே போயிருக்கும்” என்றார் கணவர். சிறுமி தன் நோட்டை நமக்குக் காட்டினாள். அடித்த மூன்று வரிகளுக்குக் கீழே ‘வீடு’ என்று எழுதி, செலவுக் கட்டத்தில் திரும்பும் வழிக்கான டீசலைக் குறித்திருந்தாள். வரவுக் கட்டத்தில் குதிரையின் பெயர் இருந்தது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் கூறியதை அப்போது எண்ணிக்கொண்டோம். கணக்கிடுதல் என்றால் வருவதைக் கூட்டுவது என்றே நாம் பெரும்பாலும் கொள்கிறோம். எதை விட்டுவிடுவது என்பதும் அக்கணக்கில் அடங்கும். நம் குடும்பங்களிலும் அறுவடைக் காலங்கள் உண்டு. கூடுதல் வேலை நேரம், பண்டிகை வணிகம், பிள்ளைகளின் தேர்வுக்காலம் ஆகியவை வரும்போது ஊணும் உறக்கமும் ஞாயிறும் மறந்து ஓடுகிறோம். ஓடுவது தவறன்று, நம்முடன் ஓடுகிறவர்களுள் வாய்திறந்து ‘முடியாது’ என்று சொல்ல இயலாதவர் எவரேனும் உளரா என்று இடையிடையே காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.

அன்று பிற்பகல் அவ்வண்டி தூய பவுலைவிட்டு மெல்லப் புறப்பட்டது. குதிரையின் பொருட்டு வேகம் குறைத்து, மேடுபள்ளம் பார்த்து, அது வீடு நோக்கிச் சென்றதை நாம் சாலையோரம் நின்று பார்த்திருந்தோம்.