கண்ணு எங்கே நிக்கும்?

அந்த மார்கழியில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. 30 வருஷமாக அவர் கோலம் போட்ட வாசல் என் பொறுப்புக்கு வந்தது.

முதல் நாள் 15 புள்ளி வைத்து, 8 வரை ஊடுபுள்ளிக் கோலம். கிடைத்த இடத்திலெல்லாம் கலர்ப் பொடியை நிரப்பினேன். திண்ணையில் சாய்ந்திருந்த அத்தை, "நாலடி தள்ளி நின்னு பாரு. எல்லா இடத்துலயும் கலர் இருந்தா கண்ணு எங்கம்மா நிக்கும்?" என்றார் குழறலாக. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். புள்ளிகளுக்கு நடுவே ஒரே இடைவெளி. இடப்பக்கம் ஓர் இதழ் என்றால் வலப்பக்கமும் அதே அளவில் ஒன்று. இழை எங்கும் ஒரே தடிமன். நிறம் நடுப்பூவுக்கு மட்டும். மற்றதெல்லாம் வெள்ளை இழையும் வெறும் தரையும். சுற்றிலும் செம்மண் கரை கட்டியதும் கோலம் எடுப்பாகத் தெரிந்தது.

"வெறுமனே விட்ட தரையும் கோலந்தான்" என்றார் அத்தை.

இப்போது அவர் இல்லை. ஓவிய வகுப்பிலிருந்து வந்த மகள் சமநிலை, மையம், வெற்றிடம் என்று எனக்குப் பாடம் நடத்துகிறாள். "தெரியும்டி" என்றேன்.

"உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

திண்ணையைக் காட்டினேன்.