குட்டி வேணுமா? கடைக்குப் போகாதீங்க

நாய், பூனைக் குட்டிகளைக் கடையில் வைத்து விற்கவே கூடாது. நோர்வூட் பக்கம் தேயிலை மலையோரம், கண்கூடத் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் பொட்டைக் குட்டிகள். அதேவேளை நாம் பால்குடி மறக்காத 'ஜாதிக்குட்டி'க்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறோம்.

பிரான்ஸ் 2024 ஜனவரியிலிருந்து கடைகளில் இந்த விற்பனையைத் தடை செய்துவிட்டது. இங்கே 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டத்துக்குப் பதிலாக, இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே புதிய சட்டமூலம் தயாரித்தது. அது வருடக்கணக்கில் இழுபட்டது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். குட்டி வேண்டுமென்றால் பக்கத்து லயத்தில் கேளுங்கள். பொட்டைக் குட்டியென்று ஒதுக்காதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள், கடைசிவரை வைத்துப் பாருங்கள்.