தேய்மானம் என்று சொல்லி அனுப்பினேன்

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது என்று வந்த பலரை, தொட்டுக்கூடப் பார்க்காமல், "சில்லு தேய்ஞ்சிருக்கும்மா, படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தெரியாமல் செய்ததல்ல. வெளியே கூட்டம் காத்திருந்தது. பேச்சைச் சட்டென்று முடிக்க அந்தப் பதில் வசதியாக இருந்தது.

தேய்ந்ததாகச் சொல்லும் குருத்தெலும்பில் நரம்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஸ்காட் டை என்ற அமெரிக்க மருத்துவர், மூட்டுக்குள் மரத்துப்போக மருந்து செலுத்தாமல் தன் முழங்காலுக்குள் கருவியால் தொட வைத்து, உணர்ந்ததை 1998இல் கட்டுரையாக வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது வலிக்கவில்லை. முன்பக்கச் சவ்வையும் கொழுப்புத் திசுவையும் தொட்டபோதுதான் கடுமையாக வலித்தது.

சில்லு, தொடையெலும்பின் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. படி இறங்கினாலும் குந்தினாலும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அங்கே விழும். பழக்கமில்லாத வேலை திடீரென்று கூடினாலோ, தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழந்திருந்தாலோ வலி வரும். சில்லுக்கு நேர்கீழே வலித்தால் தசைநாண் காரணமாக இருக்கலாம். மண்டியிட்டு வேலை செய்பவருக்குச் சில்லின்மேல் வீங்கினால் அங்குள்ள நீர்ப்பை. வயதானவர்களுக்கு உண்மையிலேயே தேய்மானம் இருக்கலாம். அவர்களுக்கும் முடங்கிக் கிடப்பது மருந்தல்ல. இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. அதைச் செய்யவில்லை.

ஓர் ஆசிரியை, "இனிமே குந்திக் கோலம் போடக் கூடாதா சார்?" என்று கேட்டார். "வேண்டாம்மா" என்றேன். சில மாதம் கழித்து வலி அதிகமாகித் திரும்பி வந்தார். நாடா வைத்து அளந்தேன். வலிக்கிற பக்கத்துத் தொடை இளைத்திருந்தது. ஒரு படி இறங்கச் சொன்னேன். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. எப்போது ஆரம்பித்தது என்று அன்றுதான் கேட்டேன். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குக் குடிபோன பிறகு என்றார். என் பேச்சை நம்பிக் காலை மடக்கவே பயந்திருந்தார். அவர் கால் இளைத்ததற்கு நானே காரணம். அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்; தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சியை அன்றே தொடங்கினோம்.

மற்றவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல வழியில்லை. என்னைப் போன்றவர்களிடம் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு முடங்கியிருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இன்னொரு முறை போய்க் காட்டுங்கள். படி இறங்க வைத்துப் பார்க்கும் வரை எழுந்து வராதீர்கள்.