குனிந்து உள்ளே வந்தவர்

அட்டனில் ஏறிய பஸ் டிக்கோயா, நோர்வூட் தாண்டி வளைந்து வளைந்து பொகவந்தலாவைக்குப் போகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தெரிந்தவர் ஒருவர் என்னைத் தோட்டத்து லயத்துக்கு அழைத்துப்போனார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. சுவரில் மாரியம்மன் படம். பக்கத்திலேயே நீலக்கரை வெள்ளைச் சேலையில் அன்னை தெரேசா. தோட்ட வேலையிலிருந்து பெயர் வெட்டி, ஓய்வாக வீட்டோடு இருக்கும் பாட்டி தேத்தண்ணியை நீட்டினார். "எங்க காலத்துத் தொரமாரு வாசலோட நின்னுருவாங்க தம்பி. இந்தம்மாவும் வெள்ளக்காரவுங்கதான். ஆனா ஏழ வீட்டுக்குள்ள குனிஞ்சு வந்தாங்களே!"

அன்னையின் வாழ்வை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

1910இல் ஸ்கோப்யேயில் பிறந்து, 1929இல் இந்தியா வந்து, லொரேட்டோ சபையின் ஆசிரியையாக இருந்தவர் அவர். 1946இல் டார்ஜிலிங் போகும் ரயிலில் ஏழைகளோடு வாழும் அழைப்பை உணர்ந்தார். 1948 ஆகஸ்டில் மடத்தைவிட்டு வெளியேறினார். கல்கத்தாவின் மோத்திஜில் சேரியில் கரும்பலகைகூடக் கிடையாது. மண்ணில் குச்சியால் எழுதி அகரம் சொல்லிக்கொடுத்தார்.

அதே ஆகஸ்டில்தான் இலங்கை நாடாளுமன்றத்தில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்பில் வென்றது. இந்த மலைகளைத் தேயிலையாக்கிய லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். உரிமையோடு இருக்க வேண்டியவர்களை ஒரு சட்டம் வெளியே தள்ளிய காலத்தில், ஒரு பெண் யாருமற்றவர்களைத் தேடித் தானே வெளியே வந்தார்.

1950இல் பிறரன்பின் பணியாளர் சபை பிறந்தது. 1952இல் காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில் 'நிர்மல் ஹிருதய்' தொடங்கியது. அங்கே சாகக் கிடந்த இந்துவின் வாயில் கங்கை நீர் விட்டார்கள்; முஸ்லிமுக்குக் குர்ஆன் ஓதினார்கள். டிட்டாகரில் தொழுநோயாளர்களுக்கென எழுந்த இல்லத்தில் தறிகள் ஓடுகின்றன. அருட்சகோதரிகள் உடுத்தும் சேலையை நெய்வது அந்தத் தொழுநோயாளர்களுடைய கைகள். ஊர் தொடக் கூசிய கைகளின் உழைப்பைத் தோளில் சுமக்கிறது ஒரு சபை. 1979இன் நோபல் பரிசையும் 2016இன் புனிதர் பட்டத்தையும்விட எனக்கு இதுவே பெரிது.

பாட்டியின் விரல்களில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. அந்தக் கைகள் பறித்ததை உலகம் குடித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தது. காம்பரா மட்டும் அப்படியே இருக்கிறது. அன்னை குனிந்து நுழைந்தது கருணை. இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நுழைவது அநீதி. சொந்தக் காணியில், நிமிர்ந்து நுழையும் வாசலோடு இவர்களுக்கு ஒரு வீடு வேண்டும். அது கருணையால் வரவேண்டியதல்ல. இவர்களுக்கு நாடு பட்ட கடன்.