பிடி இல்லாத கத்தி

கத்தி வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது பிடியை. கையில் அடங்குகிறதா, கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தூக்கிப் பார்ப்பார். வங்காளத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக விரும்பி வைத்துக்கொள்ளப்பட்ட ‘போட்டி’க்கோ பிடியே கிடையாது. (முதல் உயிரை மூக்கொலியோடு சொல்ல வேண்டும், தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லாததால் சொல் பந்தயத்தை நினைவூட்டித் தொல்லை தருகிறது.) பலகையில் பதித்த வளைந்த இரும்பு அலகு அது. பார்த்தவுடன் தமிழர் அரிவாள்மணை என்பர். பலரும் ‘மனை’ என்று எழுதினாலும் உட்காரும் பலகையாகிய மணையே அங்குள்ளது. கன்னடத்தின் ‘ஈளிகெ மணெ’, தெலுங்கின் ‘கத்திபீட்ட’ ஆகியவையும் இருக்கையைப் பெயரிலேயே வைத்திருக்கின்றன. மராத்தியின் ‘விளி’யும் ஒடியாவின் ‘பனிக்கி’யும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வடகொல்கத்தாவின் பழைய வீடு ஒன்றில், கல்லூரியில் கற்பித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரிடம் இரண்டு போட்டிகள் உள்ளன. ஒன்று மீனுக்கு, மற்றது காய்கறிக்கு. கைம்பெண்ணாகிச் சைவமாய் வாழ்ந்த அவருடைய மாமியாரின் காலத்தில், ஒன்றின் அலகு மற்றதன் மேல் பட்டுவிட்டால் அன்று சமையல் நின்றுவிடும். அந்த விலக்கின் கொடுமையை அம்மையார் அறிவார். மாமியார் மறைந்த பின்பும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

மற்றக் கத்திகளில் காய் கிடக்கும், அலகு நகரும். இங்கே அலகு நிற்கிறது, காய் நகர்கிறது. ஒரு காலால் பலகையை அழுத்திக்கொள்வதால் இரு கைகளும் பொருளுக்கே கிடைக்கின்றன. வெட்டும் வலு மணிக்கட்டிலிருந்து வருவதில்லை. தோளும் முதுகும் சேர்ந்து தள்ளுகின்றன. ரோகு மீனின் தலையைப் பிளப்பதும் புடலங்காயை மெல்லிய வில்லைகளாக அரிவதும் ஒரே அலகில் நடப்பது அதனால்தான். வேலை முடிந்து எழும்போது அலகைச் சாய்த்து வைக்காதவர் அந்த வீட்டில் வசை கேட்காமல் தப்பியதில்லை.

அலகு கருத்திருக்கும். வாழைப்பூவை அரிந்தால் அதுவும் கறுக்கும். துவர்ப்பு இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை. கழுவி உடனே துடைத்துக் கடுகெண்ணெய் தடவாவிட்டால் துரு ஏறிவிடும். மகன் வாங்கித் தந்த துருப்பிடிக்காத எஃகுக் கத்திகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அவை நல்ல கத்திகள்தாம். பளபளப்பை வைத்து அவற்றைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் மழுங்கியபோது அவற்றைத் தாமே தீட்ட அவருக்குக் கைவரவில்லை. போட்டியின் அலகைச் சமையலறைக் கல்லில் நாலு முறை இழுத்தால் போதும், மறுபடி தக்காளியின் தோலில் இறங்கும். திருமணத்தின்போது நான்கு விரல் அகலம் இருந்த மீன் போட்டி இப்போது இரண்டரை விரல். மீதியைச் சாணைக்காரரின் சக்கரம் ஐம்பது ஆண்டுகளில் தின்றிருக்கிறது. தேய்ந்த பகுதியை அவர் குறையாகச் சொல்வதில்லை. தேய்வதற்கு இரும்பு இருந்தது என்பார்.

அலகுக்கு முன்னால் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேசைமேல் போட்டியை வைத்து நின்றபடி அரிந்து பார்த்தார்கள். மிதிக்கக் கால் இல்லாததால் பலகை நகர்ந்தது. மருமகள் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று ஒருமுறை கேட்டார், கெட்ட எண்ணத்தோடு அல்ல. பதில் வரவில்லை. இரண்டு போட்டிகளும் செய்தித்தாள் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. எண்ணெய் தடவும் நாள் மட்டும் தவறுவதில்லை.

மழைக்காலத்தில் ஹில்சா வந்தது. சந்தை மீன்காரர் தம் பெரிய போட்டியில் நொடியில் வெட்டிக் கொடுத்துவிடுவார். கனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அம்மையார் விரலைக் காட்டி மகனை அனுப்பினார். துண்டுகள் வந்தன. ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலருகே வைத்துப் பார்த்தார். பிறகு மஞ்சளும் உப்பும் கேட்டார்.